செப்டிக் டேங்கில் வீணாகும் எரிவாயு

வீட்டுக் கழிவுநீரை வைத்து அடுப்பெரிக்க முடியுமா? முடியும். ஆனால் தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பொதுக் கழிப்பறைக்கும் கட்டுப்படியாகும்.

காற்றுப் புகாத தொட்டியில் முதலில் ஒருவகை நுண்ணுயிரிகள் மலத்தைக் கரைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருபவை வேறு இனம். இவை மெதுவாகத்தான் பெருகும், ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும், 35 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர் நாடுகளில் தொட்டியைச் சூடாக்கச் செலவழிக்கிறார்கள். திருச்சி வெயில் அந்த வேலையை இலவசமாகவே செய்துவிடும்.

உண்மையில் நம் செப்டிக் டேங்க்குகளில் இதே வேலை தினமும் நடக்கிறது. உண்டாகும் வாயுவைத்தான் வென்ட் பைப் வழியாக வானத்துக்கு விடுகிறோம். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலுவானது. இப்படி விட்டுவிடுவது எனக்குப் பெரும் தவறாகவே படுகிறது.

ஒருவரின் மலத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் வாயு கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட வீட்டில் ஒரு பர்னர் அரை மணி நேரம்கூட எரியாது. 200 பேர் வசிக்கும் அடுக்ககத்திலோ வாரம் ஒரு சிலிண்டர் அளவுக்குத் தேறும். காய்கறிக் கழிவையும் சேர்த்துப் போட்டால் இன்னும் கூடும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி, கோயம்பேடு, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீர்ச் சேற்றின் வாயுவில் மின்சாரம் எடுத்திருக்கின்றன.

தொட்டி கட்டுவது எளிது, பராமரிப்பதுதான் கடினம். அதற்கும் திருச்சியில் முன்னுதாரணம் உண்டு. தில்லை நகரிலிருந்து இயங்கும் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், 1987-இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த அமைப்பின் துணையோடு கல்மந்தை போன்ற பகுதிகளில் சுயஉதவிக் குழுப் பெண்கள் கட்டணம் வசூலித்து, கணக்கு எழுதி, பொதுக் கழிப்பறைகளை நடத்திக் காட்டினார்கள். எரிவாயுத் தொட்டியை அவர்களைப் போன்றவர்களிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும் மனிதர்கள் உள்ளே இறக்கப்படுகிறார்கள், சாகிறார்கள். ஆள் இறங்காமலே கசடை வெளியேற்றும் அமைப்பு இல்லாத தொட்டியைக் கட்டவே கூடாது.

கழிப்பறையில் ஆசிட்டையும் பினாயிலையும் தாராளமாக ஊற்றும் பழக்கமும் போக வேண்டும்; அவை நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். குளியலறைத் தண்ணீர் கலந்தால் கழிவு நீர்த்துப்போய் வாயு குறையும். ஆகவே புதிய அடுக்குமாடிக்கு வரைபட அனுமதி தரும்போதே, இரண்டு குழாய்களையும் தனித்தனியாகப் போடச் சொல்லி மாநகராட்சி நிபந்தனை விதிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு தரையை உடைத்துப் பிரிக்க எந்தக் குடியிருப்பும் சம்மதிக்காது.