குடியை விட விரும்புவோர் கூடும் இடம்

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து விடுதி ஒன்றில், மேற்கொண்டு வந்த தொழில் முயற்சி தோற்ற நிலையில் பில் வில்சன் என்பவர் நின்றிருந்தார். குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. அருகில் மதுச்சாலை; அதன் ஆரவாரம் அவரை அழைத்தது. அவரோ தொலைபேசியை நாடித் தேவாலயத்தார் ஒருவரை அழைத்து, குடியால் வருந்தும் மற்றொருவரைக் காட்டுமாறு வேண்டினார். அவ்வாறு கிடைத்தவரே டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். அவ்விருவரின் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம்.

நேயர்களே, வில்சன் அறிவுரை கூறுவாரைத் தேடவில்லை. தம்மைப் போன்றவரையே தேடினார். அறிவுரை கூறியே வாழ்நாளைக் கழித்த ஆசிரியனாகிய எனக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்!

இச்சங்கத்தின் கூட்டங்கள் இன்று சென்னை முதலிய நம் ஊர்களிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. திறந்த கூட்டத்திற்கு எவரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடியிலிருந்து மீள விரும்புவோர்க்கே உரியது. குடும்பத்தார்க்கு அல்-அனான் என்னும் தனி அமைப்பு 1951 முதல் உண்டு.

"ஊரார் அறிந்தால் என்ன செய்வது, ஐயா?" என்று என் பழைய மாணவன் ஒருவனின் மனைவி கேட்டாள். அங்கே முழுப்பெயரும் கேட்பதில்லை. கேட்டதை வெளியே உரைப்பதும் வழக்கமன்று.

ஒன்று மட்டும் முக்கியம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடும். ஆகவே முதலில் மருத்துவரைக் காணவேண்டும். பின்னர், தனியே செல்லக் கூசுவோர் சங்கத்தாரிடம் தொலைபேசியில் கூறினால், உறுப்பினர் ஒருவரே உடன் வர முன்வருவதும் உண்டு.