கல்லும் தெரியட்டும், முகமும் தெரியட்டும்

மாமல்லபுரம் போய்வந்த குடும்பம் எதுவானாலும் அதன் கைபேசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். ‘கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை’ப் பாறை உருண்டுவிடாமல் யாரோ ஒருவர் முட்டுக்கொடுத்து நிற்கும் படம்தான் அது. அப்பா முதுகால் தாங்குவார், பிள்ளை இரண்டு கையாலும் தள்ளும், அத்தை அடியில் உட்கார்ந்து சிரிப்பார். சுமார் 250 டன் எடை என்று சொல்லப்படும் அந்தப் பாறை, யார் தயவும் இல்லாமல் காலங்காலமாக அந்தச் சரிவிலேயே நிற்கிறது. விளையாட்டு விளையாட்டுதான், அதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்த அத்தனை படங்களும் இதே தினுசில் இருந்தால் ஐந்து வருடம் கழித்து எந்த மண்டபம், எந்தச் சிற்பம் என்று வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர் இந்த வேலையைச் சுலபமாக முடித்துவிடுவார். அரண்மனைப் படிக்கட்டோ தாஜ்மகாலோ வரைந்த படுதாவை இறக்கி, அதன் முன்னால் குடும்பத்தை வரிசையாக நிறுத்துவார். இன்று நிஜமான கோட்டைக்கே காசு செலவழித்துப் போகிறவர்கள், அதையும் படுதாவாக்கிவிட்டுத் திரும்புகிறார்கள். கைபேசியின் ‘போர்ட்ரெயிட்’ முறையும் இதற்கு உடந்தை. முகத்தைப் பளிச்சென்று காட்டுகிற அவசரத்தில், பின்னால் இருக்கும் ஆயிரம் வருடத்துக் கற்றளியைப் பழுப்பு மூட்டமாகக் கரைத்துவிடும்.

இப்படி இல்லாமல் ஒரு நாள் சுற்றிப்பார்க்கப் புதுக்கோட்டையைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் நான்கும் நகரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்துவிடுகின்றன. நான்கையும் ஒரே நாளில் ‘முடிக்க’ நினைப்பவர்களுக்கு ஒன்றுமே மனதில் தங்காது, இரண்டு போதும்.

நார்த்தாமலையை எடுத்துக்கொள்ளலாம். மொட்டைப் பாறைச் சரிவில் ஏறிப் போனால் மேலே விஜயாலய சோழீச்சரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோயில்கள். இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. எதிரே மலையைக் குடைந்த இரண்டு குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. படம் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய துப்பு வேண்டாம்: காலை வெயில் குடைவரைகளுக்கு, மாலை வெயில் கோயிலுக்கு. ‘சமணர் குடகு’ என்று ஊர் அழைக்கும் குடைவரையில் ஒரே அச்சில் வார்த்தது போலப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. காலையில் போனால் அவற்றின் மேல் வெளிச்சம் கிடைக்கும். நண்பகலில் போகிறவருக்குக் கிடைப்பது கால் சுடும் பாறையும், கண்ணைச் சுருக்கிய முகங்களும்தான்.

சோழீச்சரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கோயில் மழையாலும் இடியாலும் சிதைய, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்கிறது அது. பெயரில் சோழர் இருந்தாலும், எடுத்தவர் முத்தரையர் குலத்தவர் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். கல்வெட்டை நேர் வெயிலில் எடுத்தால் எழுத்து கல்லோடு கல்லாகிப் போகும். வெயில் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும் நேரத்தில் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்க வைத்தால் எழுத்தின் அளவும் புரியும், பிள்ளையும் படத்தில் இருக்கும். குடும்பப் படத்துக்கும் ஆவணத்துக்கும் சண்டையே இல்லை. ஆனால் சுண்ணாம்பு பூசியோ தண்ணீர் ஊற்றியோ எழுத்தைத் ‘தெளிவாக்க’ வேண்டாம். அது கல்லுக்குச் செய்யும் துரோகம்.

சித்தன்னவாசலில் பாடமே வேறு. அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் எழுதப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று குளம் முழுக்க நடமாட்டம். 9-ஆம் நூற்றாண்டின் அந்த வண்ணம் இன்று திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஃபிளாஷ் கூடவே கூடாது; படம் எடுக்கலாமா என்பதையே காவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முன் பிள்ளைகளிடம், “யானை எங்கே இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்” என்று விட்டுவிடுவது நல்லது. கழுத்து வலிக்கத் தேடிக் கண்டுபிடித்த யானை மறக்காது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிவர வைத்தார். சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்களே குறைவாக நினைவில் இருந்தன. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மனது கைகழுவிவிடுகிறது போலும். ஆனால் முழுப் பொருளையும் எடுக்காமல், ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு இந்த மறதி ஏற்படவில்லை. ஆகவே விதானம் முழுவதையும் ஒரே சொடுக்கில் அள்ளுவதைவிட ஒரு மீனைத் தேர்ந்தெடுப்பது மேல்.

புதுக்கோட்டைக்குக் கேமரா புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், மெழுகு ஊட்டிய பெரிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு தஞ்சாவூர், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். 1858-இல் அவை தொகுதிகளாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கியவர் அவர். பெரும்பாலான படங்களில் ஆளே கிடையாது. இன்று நேர்மாறாக ஆள் மட்டும்தான் இருக்கிறார்.

பழைய படம் ஒன்று என்ன செய்யும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சாட்சி. அந்த ஊர்க் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. வீட்டு ஆல்பத்தில் தாத்தாவுக்குப் பின்னால் தெரிகிற தூணும் ஒருநாள் இப்படிக் கேட்கப்படலாம்.

அதற்கு எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்திருக்க வேண்டுமே! இடத்துக்குப் போனதும் முதலில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் படங்களெல்லாம் எந்த ஊர் என்ற குழப்பமே வராது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு, எடுத்த நாளும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். மூலப் படத்தைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டதிலிருந்து, பல இடங்களில் அதை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். பிள்ளை கேட்ட கேள்வி, பாட்டி சொன்ன பதில், காவலர் காட்டிய மூலை என்று அன்றிரவே நாலு வரி எழுதி வைக்கலாம்.

எடுத்ததில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி அச்சுப் போட்டு வைப்பது இன்றும் பெரிய செலவில்லை. பின்பக்கம் ஊர், தேதி, நிற்பவர்களின் பெயர் எழுதும்போது பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் வரை புடைத்துக்கொண்டு வரும்.