தூங்கிய கம்ப்யூட்டர் எழ மறுக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. "ஸ்லீப் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மவுஸை அசைத்தால் திரை கருப்பாகவே இருக்கிறது. சில நேரம் நீலத் திரை வந்து, முதலிலிருந்து பூட் ஆகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? பார்மட் செய்ய வேண்டுமா?"

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஸ்லீப் நிலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொண்டால், காரணத்தை நாமே தேடிப் பிடிக்கலாம்.

ஸ்லீப் கொடுத்தவுடன், திறந்திருக்கும் பைல்களும் புரோகிராம்களும் ராம் மெமரியிலேயே இருக்கும். அதற்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மற்ற பாகங்கள் ஓய்வெடுக்கும். எழுப்பும்போது கிராபிக்ஸ் கார்டு, வை-பை, யுஎஸ்பி சாதனங்கள் என ஒவ்வொன்றையும் அதனதன் டிரைவர் புரோகிராம் மீண்டும் இயக்க வேண்டும். இவற்றில் ஒன்று தடுமாறினாலும் மொத்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடலாம். ஸ்லீப்பில் இருந்தபோது மின்சாரம் போய் வந்தால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அணைந்து போகும். அது இந்தக் கோளாறு அல்ல.

விண்டோஸ் 10 மற்றும் 11ல் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பார்க்கவும்.

1. திரை கருப்பாக இருந்தால் கேப்ஸ் லாக் கீயை அழுத்தவும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் இயங்குகிறது, திரைதான் வரவில்லை என்று பொருள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் பி கீயைச் சேர்த்து அழுத்தவும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை வந்துவிட்டால் உங்கள் பைல்களை சேவ் செய்திடலாம்.

2. கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் உள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு, ஸ்லீப் கொடுத்து எழுப்பவும். என் உறவினர் ஒருவரிடம் கடையில் பார்மட் செய்யச் சொல்லிவிட்டார்கள். மகளின் திருமணப் படங்கள் முழுவதும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். பழைய வெப் கேமராவை எடுத்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. படங்களும் தப்பித்தன.

3. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். டிஸ்பிளே அடாப்டர்ஸ் பிரிவில் உங்கள் கிராபிக்ஸ் கார்டில் டபுள் கிளிக் செய்து டிரைவர் டேப் செல்லவும். டிரைவரை அப்டேட் செய்த பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் ரோல் பேக் டிரைவர் மூலம் பழையதற்குத் திரும்பலாம். டிரைவர் பழையதாக இருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருந்து புதியதை இறக்கவும்.

4. அதே டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து பவர் மேனேஜ்மெண்ட் டேப்பைப் பார்க்கவும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியின் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். இந்த டேப் எல்லாச் சாதனங்களுக்கும் இருக்காது.

5. மாற்றம் செய்த பின் ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுக்கவும். 2012ல் விண்டோஸ் 8 உடன் வந்த பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலை டிஸ்க்கில் பதிவாகி, அடுத்த முறை அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் அனைத்தும் புதிதாகத் தொடங்கும்.

6. நீலத் திரையில் உள்ள சொற்களை மொபைலில் படம் எடுத்துக் கொள்ளவும். டிரைவர் பவர் ஸ்டேட் பெயிலியர் என்றிருந்தால் ஏதோ ஒரு டிரைவரே காரணம். ஸ்லீப் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டர் நின்று போனால், தேடல் கட்டத்தில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என ஆங்கிலத்தில் டைப் செய்து ராமைச் சோதிக்கவும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்திடுங்கள். நான்கைந்தைச் சேர்த்துச் செய்தால் எது சரி செய்தது என்று தெரியாது. தீர்வு கிடைக்கும் வரை செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குச் சென்று ஸ்லீப் நேரத்தை நெவர் என அமைக்கவும். ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் நின்று போனால் சேவ் செய்யாத வேலை திரும்பாது. எனவே எழுந்து போகும் முன் கண்ட்ரோல் + எஸ் அழுத்திவிடுங்கள்.