வீடு முதலா, பள்ளி முதலா?

கிள்ளானுக்கு வீடு மாறுவது என்று முடிவானதும் என் கணவர் முதலில் பார்த்தது வாடகை வீடுகளின் பட்டியலை. நான் பார்த்தது அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலை. அன்றிரவே வீட்டில் சின்னச் சண்டை.

பங்சாரில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறோம். அவருக்கு வேலை கிள்ளான் துறைமுகப் பக்கம் மாறிவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் போய்வந்து மனிதர் பாதி இளைத்துவிட்டார். எனக்குக் கவலையில்லை. காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்புகிறவளுக்கு எங்கிருந்து வந்தாலும் சாலை காலிதான். சிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு. புதிய ஆசிரியர், புதிய தோழிகள், பாதியில் மாறும் படிப்பு.

“சிம்பாங் லீமா இருக்கே, நாட்டிலேயே பெரிய தமிழ்ப்பள்ளிகள்ல ஒண்ணு. வேற என்னம்மா யோசிக்கிறே?” என்றார். பெயர் பெற்ற பள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பள்ளி என்பதும் என் பிள்ளைக்கு ஏற்ற பள்ளி என்பதும் ஒன்றா?

எங்கள் பெற்றோருக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1988இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது. நான் எழுதிய காலத்தில் ஏழு ஏ எடுத்தவர்களின் படங்கள் நாளிதழில் வரிசையாக வரும். எந்தப் பள்ளியில் எத்தனை ஏழு ஏ என்று அப்பாக்கள் காப்பிக் கடையில் கணக்குப் போடுவார்கள். 2021இல் அந்தத் தேர்வே ரத்தாகிவிட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் ஒன்று முதல் ஆறு வரை அடைவு நிலை தருகிறார். பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்று அறிய நல்ல வழி. ஆனால் இந்தப் பள்ளியின் ஐந்தையும் அந்தப் பள்ளியின் ஐந்தையும் பக்கத்தில் வைத்து எடை போட முடியாது.

இதே தலைவலி இங்கிலாந்தில் இருக்கும் என் தோழிக்கும். பிரிஸ்டலிலிருந்து வேல்ஸ் நாட்டின் கார்டிஃபுக்குக் குடும்பத்தோடு மாறினாள். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு நீண்ட காலம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ‘மிகச்சிறப்பு’, ‘நன்று’ என்று ஒரே சொல்லில் தரம் போட்டது; 2024 செப்டம்பரில்தான் அதைக் கைவிட்டது. வேல்ஸில் ஆய்வு செய்வது எஸ்டின் என்ற வேறோர் அமைப்பு. அது 2022இலேயே தரச்சொல்லை விட்டுவிட்டது. நிறைகுறைகளை விளக்கமாக எழுதுவதோடு சரி. இரண்டையும் ஒப்பிடவே முடியவில்லை என்று புலம்பினாள். போதாக்குறைக்கு மொழி. வேல்ஸில் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் வெல்ஷ் மொழி படித்தாக வேண்டும். எல்லாப் பாடமும் வெல்ஷில் நடக்கும் பள்ளிகளும் உண்டு. “இதுல என்ன அதிசயம்? நீயும் நானும் அப்படித்தானே படிச்சோம்” என்றேன். சிரித்துவிட்டாள். கடைசியில் அறிக்கைகளை முழுசாக வாசித்துவிட்டு, பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்தாளாம்.

நமக்கு அப்படி வீட்டிலிருந்தே அறிக்கை வாசிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானில் மூன்று பள்ளிகளுக்குப் போனேன்.

முதலில் கேட்டது, அறிவியலும் கணிதமும் எந்த மொழியில் என்பது. 2016இல் வந்த டிஎல்பி எனும் இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் இவை ஆங்கிலத்தில், மற்றவற்றில் தமிழில். இது சரியா தவறா என்ற வாதம் இருக்கட்டும். மூன்று ஆண்டுகள் தமிழில் ‘பின்னம்’ படித்தவளை நான்காம் ஆண்டில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாற்றினால் திணறப்போவது அவள்தான். ஒரு பள்ளியை இந்தக் காரணத்துக்காகவே விட்டோம்.

அடுத்தது மலாய்மொழி. இதைக் கேட்கத் தமிழ்ப் பெற்றோர் பலருக்குக் கூச்சம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு மலாய் போதாவிட்டால் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு போகும். அதனால் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டா என்று கேட்டேன். ஒரு பள்ளியில் “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்ற பதிலோடு சரி. இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்துபோய் அட்டவணையையே எடுத்துவந்து காட்டினார்.

அந்த இரண்டாவது பள்ளியில் 150 மாணவர்கள்கூட இல்லை. கல்வியமைச்சின் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளி. கணவர் முகம் சுளித்தார். ஆனால் நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் தலைமையாசிரியர் எதிரே வந்த ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். குறையும் உண்டு: போட்டி குறைவு, கட்டொழுங்கு அணிக்குக்கூட ஆள் தேற்ற வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளி வேறு. தோட்ட நிலத்தில் பிறந்த நம் பள்ளிகள் பலவற்றின் கதை இது. (காண்டோக்கள் நிறைந்த பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தானே!) நிலம் அரசினுடையது இல்லை என்பதால் கட்டடச் செலவுக்குப் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அலைய வேண்டியிருக்கும். அவை உயிரோடு இயங்குகின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகும்போது தெரியும் அருமை.

இடைநிலைப்பள்ளியையும் இப்போதே பார்த்துவைத்தேன். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்புக்கு வழி. நம் பிள்ளைகள் போதிய அளவில் இருக்கும் வட்டாரமா என்பது அதனால் முக்கியம்.

கணவர் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு முகவருக்குப் போன் போட்டு, அந்தச் சின்னப் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டது அவர்தான். பக்கத்தில் நின்ற மகளுக்கு ஒரே சந்தேகம்: கேண்டீனில் மீ கோரேங் உண்டா? அதை மட்டும் நான் கேட்காமல் வந்துவிட்டேன்.