அடித்தளக் குழியில் அவசரம் வேண்டாம்

கிள்ளான் வட்டாரத்து வரிசை வீடுகளில் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டியவர்கள் பலர், சில ஆண்டுகளில் பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே விரிசலைக் காண்கிறார்கள். வீடு பைலிங் தூண்கள் மீது நிற்க, நீட்டிய பகுதி மென்களிமண் மீது நிற்பதே காரணம்.

நல்ல மண்ணிலும் இதே விரிசல் வருவதுண்டு. அதற்குத் தோண்டிய விதம் காரணமாகலாம். சிறிய மண்வாரி இயந்திரம், ஆட்கள் நாள்கணக்கில் தோண்டுவதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் வாளியின் பற்கள் அடிமண்ணைக் கிளறிவிடும். ஆழம் கூடிவிட்டால், அள்ளிய மண்ணையே திரும்பக் கொட்டி மிதித்துச் சமன் செய்வோரும் உண்டு. பார்வைக்குத் தெரியாது, சுவர் எழும்பிய பிறகு அந்த மண்தான் அமுங்கும். கூடிய ஆழத்தைக் கான்கிரீட்டால் நிரப்புவதே முறை. கடைசி ஒரு சாண் மண்ணைப் பல்லில்லாத வாளியாலோ மண்வெட்டியாலோ சீவி எடுக்க வேண்டும்.

இங்கு மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நீர் தேங்கினால் அடிமண் சேறாகிவிடும். தோண்டிய அன்றே மெல்லிய கான்கிரீட் பரப்பைப் போட்டுவிடுவது நல்லது.

அள்ளிய மண்ணை விளிம்பில் குவிப்பது பெருந்தவறு. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1.5 டன். கரை சரிந்தால் உள்ளே குனிந்திருப்பவர் தப்புவது கடினம். பழைய வீட்டின் அடித்தளத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால், முதலில் பொறியாளரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.