ஓட்டல் கழித்த பாத்திரத்தில் வாழைப்பழ ஜாம்

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் காவிரி, கொள்ளிடக் கரைகளில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி வாழைகள் பயிராகின்றன. வரத்து கூடும் நாளில் தார் விலை இறங்கிவிடும். உதிர்ந்த சீப்பையும் மிகவும் பழுத்த பழத்தையும் வாங்க ஆள் இருப்பதில்லை. இவற்றை ஜாமாகக் காய்ச்சி விற்றால் சிறு விவசாயிக்கு உபரி வருமானம் கிடைக்கும். ஆனால் புதிய பெரிய பாத்திரங்களின் விலை கையைக் கடிக்கிறது. ஓட்டல்களும் திருமண மண்டபங்களும் கழித்த பாத்திரங்களைப் பழைய பாத்திரக் கடைகளில் எடைக்கு வாங்கலாம். பார்த்து வாங்கினால் லாபம். தவறான பாத்திரத்தை வாங்கினால் பழமும் சர்க்கரையும் வீணாவதோடு, உண்பவர் உடலுக்கும் கேடு.

எதை வாங்கலாம்?

ஜாமில் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஆகவே எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. அதிலும் '304' ரகம் சிறந்தது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று சொல்வார்கள். நிக்கல் குறைந்த '202' ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே காந்தத்தை மட்டும் நம்பாமல், உட்புறத்தில் துருப்புள்ளி, ஊசித்துளை, வெடிப்பு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடி கனமாக இருக்க வேண்டும். மெல்லிய அடியில் ஜாம் இறுகும்போது தீய்ந்துவிடும்.

எவர்சில்வரில் இன்னொரு வசதியும் உண்டு. தொழில் ஒத்துவராவிட்டால் எடைக்கே திரும்ப விற்றுவிடலாம்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

அலுமினிய அண்டா புளிப்பில் கரையும். பித்தளை அண்டாவில் பூச்சு தேய்ந்திருந்தால் செம்பும் துத்தநாகமும் உணவில் இறங்கும். மறுபடி பூசினாலும், பூசியது சுத்தமான வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று கண்ணால் அறிய முடியாது. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியும், ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம்மும் உதவா.

இட்லி அவிக்க ஆவி தரும் பழைய பாய்லர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தகடு உள்ளே அரித்திருந்து, சேப்டி வால்வும் அடைத்திருந்தால் வெடித்துவிடும்.

அடியில் குழாய் வைத்த பாத்திரமும் ஜாமுக்கு ஆகாது. குழாய்க்குள் தங்கும் ஜாம் பூசணம் பிடிக்கும். அப்படிப்பட்ட பாத்திரத்தைப் பாட்டில் கழுவும் வெந்நீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

செப்பனிடும் முறை

பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்தால் ஒழுக்கு தெரிந்துவிடும். ஈயப்பற்று வைத்து அடைக்கக் கூடாது. ஆர்கான் வெல்டிங் செய்து, பற்றின் உட்புறத்தை வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள். சலவை சோடா கரைத்த நீரைக் கொதிக்க வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும். இரும்பு நார் கீறிய இடத்தில் துரு பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் நீரை நெடுநேரம் வைத்தால் ஊசித்துளை விழும்.

காய்ச்சும் முறை

1 கிலோ பழக்கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, பழத்தின் புளிப்பைப் பொறுத்து 5 முதல் 8 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் பெக்டின் தேவை. பெக்டினைச் சிறிது சர்க்கரையுடன் கலந்து தூவினால் கட்டி தட்டாது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கூழ் தெறிக்கும் என்பதால் நீண்ட பிடியுள்ள கரண்டியால் கிளற வேண்டும். வெப்பமானியில் 105 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் இறக்கி, வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூடாகவே நிரப்பி மூட வேண்டும்.

சட்டத்தையும் கவனியுங்கள்

இதே பாத்திரத்தில் பழத்தைப் புளிக்க வைத்து மது இறக்கலாம் என்று யோசனை சொல்வோரும் உண்டு. அதற்கு இடம் தராதீர்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரிப்பதும், அதற்கெனப் பாத்திரம் வைத்திருப்பதும் குற்றம்.

ஜாம் விற்பதற்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பாத்திரம் வாங்கும் முன் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் 2 கிலோ பழம் காய்ச்சிப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் விலை போனால் மட்டும் பெரிய பாத்திரத்துக்குச் செல்லுங்கள். திருச்சியை அடுத்த தாயனூரில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வாழைப்பழப் பண்டங்கள் தயாரிக்கும் பயிற்சி குறித்து அங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.