கற்போர்க்கு உணவு: நினைவாற்றலும் காலைப் பசியும்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் முதலியார்பேட்டைக் காய்கறிக் கடைகளில் வல்லாரைக் கட்டுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். பிள்ளையின் நினைவாற்றல் பெருக வேண்டும் என்று தாய்மார் அதைத் தேடி வாங்கித் துவையல் அரைப்பர். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடலூர்ச் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவ மாணவியரை, "என்ன உண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால், ஒரு குவளைத் தேநீர், இரண்டு பிஸ்கட் என்பதே பெரும்பாலோர் விடை. முதல் நாள் வல்லாரை அரைத்துத் தந்த அதே தாய், மறுநாள் காலையில் பிள்ளை வெறும் வயிற்றோடு ஓடுவதைப் பெரிதாக எண்ணுவதில்லை. இம்முரணே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு அதற்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். இதைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் மூளைக்கு இல்லையென்றே சொல்லலாம். குருதி கொண்டுவந்து தருவதே அதன் உணவு. இரவு ஒன்பது மணிக்கு உண்டவர் மறுநாள் பகல் ஒரு மணிக்கு உண்டால் இடையில் பதினாறு மணி நேரம் கழிகிறது. கல்லீரல் தன் இருப்பைக் கரைத்து மூளையைக் காத்துவிடும், உயிருக்கு ஊறில்லை. எனினும் மெலிந்த பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுகிறது. ஜமைக்கா நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் நிகழ்ந்து 1998இல் வெளியான ஆய்வொன்றில், காலை உணவு பெற்ற பிள்ளைகளின் வருகை கூடியது. இளைய வகுப்பினர் கணக்கிலும் முன்னேறினர்.

இவ்வுண்மை புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியினரே 1930இல் இங்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கினர். பின்னாளில் புதுவை அரசு காலையில் சூடான பாலும் பிஸ்கட்டும் வழங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிற்று. எனினும் இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கல்லூரிக்கு வந்த பிள்ளையைக் காலையில் உண்டாயா என்று கேட்பார் யார்?

முன்னாளில் இப்பகுதியில் ஆலை வேலைக்குப் புறப்பட்டோர் பழஞ்சோறும் நீராகாரமும் உண்டே சென்றதை மூத்தோர் அறிவர். முதலியார்பேட்டையின் அடையாளமாயிருந்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது; அந்தப் பழஞ்சோறும் நம் அடுக்களையை விட்டுப் போயிற்று. இட்டிலியும் சாம்பாரும், கேழ்வரகுக் கூழும், முட்டையோடு இரண்டு தோசையும் விலையுயர்ந்த உணவுகள் அல்ல. வேண்டுவது பொருளன்று, பதினைந்து நிமிட நேரம்.

நூலோர் சொன்னவை

நினைவுக்கான உணவு பற்றிய ஆராய்ச்சி நம் மார்க்க அறிஞர்களுக்கும் உரியதே. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இமாம் ஸர்னூஜி இயற்றிய 'தஅலீமுல் முதஅல்லிம்' கற்போர்க்கு வழிகாட்டும் நூல். நினைவைப் பெருக்குவன எவை, மறதியைத் தருவன எவை என்று அதில் ஒரு பகுதியே உண்டு. தேனையும், நாள்தோறும் வெறும் வயிற்றில் உண்ணும் இருபத்தொரு சிவந்த உலர்திராட்சைகளையும் அவர் பரிந்துரைக்கிறார். கபத்தைக் குறைப்பன நினைவைக் கூட்டும் என்பது அவர் கொண்ட மருத்துவக் கொள்கை. நம் சித்த மருத்துவர் சொல்லும் கபமும் இங்கு நினைவுக்கு வரும். பச்சைக் கொத்துமல்லியை மறதி தரும் பொருள்களுள் அவர் சேர்த்திருப்பதை மட்டும், இரசமின்றி உண்ணாத நாம் அவர் காலத்து மருத்துவம் என்று மரியாதையோடு விட்டுவிடலாம். ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு ஓதத் தொடங்கும் மாணவனுக்கு உலர்திராட்சையின் இனிப்பு விரைந்து குருதியில் சேரும் என்பதை இன்றைய அறிவியலும் ஒப்புகிறது.

வல்லாரைக்கு வருவோம். வடநாட்டில் பிராமி என்னும் பெயர் வல்லாரைக்கும் வழங்குகிறது, நீர்ப்பிரமிக்கும் வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு செடிகள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நினைவாற்றலுக்காக ஆராய்ந்தது நீர்ப்பிரமியை. பல வாரங்கள் தொடர்ந்து உண்டவர்க்கு ஓரளவு பயன் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. தேர்வுக்கு முதல் வாரம் தொடங்குவதால் விளைவது ஒன்றுமில்லை. வல்லாரை நல்ல கீரை. துவையலாக உண்பதில் தடையில்லை. வெண்டைக்காய் உண்டால் கணக்கு வரும் என்பதோ பிள்ளையை உண்ணவைக்கத் தாய்மார் கண்ட தந்திரம். கணக்குப் போட்டால்தான் கணக்கு வரும்.

குருதியில் குறையும் இரும்பு

பெண்மக்களின் நிலையே பெரிதும் கவலை தருவது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்குக் குருதிச்சோகை உண்டு. புதுவைப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலையினரே. இரும்பு குறைந்தால் மூளைக்கு உயிர்க்காற்று கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் குறைகிறது. நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருள்கள் உருவாவதும் தடைப்படுகிறது. அப்பெண் முதல் மணி வகுப்பிலேயே சோர்ந்து தலைசாய்க்கிறாள், படித்தது நிற்பதில்லை. நாமோ மந்தம் என்கிறோம்; "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று வீட்டார் கல்லூரியை நிறுத்தித் திருமணப் பேச்சைத் தொடங்கிவிடுகின்றனர். ஓர் எளிய குருதிச் சோதனைக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பர். எந்த அரசு மருத்துவமனையிலும் இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

உணவில் ஈரலும் ஆட்டுச் சுவரொட்டியும் இரும்பை மிகுதியாகத் தருவன. உடலும் அதை எளிதில் ஏற்கும். நம் இல்லங்களில் இவை சமைக்கப்படும்போது ஆண்பிள்ளைகளின் தட்டுக்கே முதலில் செல்கின்றன என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அடுத்த ஊரான முருங்கப்பாக்கம் தன் பெயரிலேயே முருங்கையைத் தாங்கியிருக்கிறது. அக்கீரையிலும் இரும்பு உண்டு. ஆனால் கீரையின் இரும்பை உடல் குறைவாகவே ஏற்பதால், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துண்ண வேண்டும். உணவோடு தேநீர் அருந்துவதை மட்டும் விட்டுவிட வேண்டும். தேநீரின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிவிடும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். குறை மிகுந்தவர்க்கு உணவு மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் மாத்திரை வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்பு மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, கடையில் விலையுயர்ந்த நினைவாற்றல் மருந்து வாங்கும் விந்தை நம்மிடையே உண்டு.

அயோடின் கலந்த உப்பும் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. குறிப்பாகக் கருவுற்ற தாய்க்கு. தேங்காய்த்திட்டுத் துறைமுகம் அருகிருக்க மீனுக்குப் பஞ்சமில்லை. மூளைக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு வஞ்சிரத்தில் மட்டும் இருப்பதன்று. விலை மலிந்த மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைய உண்டு.

2023 முதல் ரமலான் தொடர்ந்து தேர்வுக் காலத்தையொட்டியே வந்தது. சஹர் உணவைக் கைவிட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்க, இரவு நெடுநேரம் படித்த அயர்ச்சியில் ஒரு மிடறு நீரோடு நோன்பு வைக்கும் மாணவர் பலர். பருப்பு, முட்டை, தயிர்ச் சோறு என மெல்லச் செரிக்கும் உணவே சஹருக்கு ஏற்றது. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழமும், வெந்தயமும் பயறும் சேர்ந்த நோன்புக் கஞ்சியும் போதும். பொரித்த பண்டங்களை நிறைய உண்டால் தராவீஹ் தொழுகைக்குப் பின் புத்தகத்தைத் திறந்ததும் கண் செருகும். விடுதிப் பொறுப்பாளர்கள் சஹர் நேரத்திற்கு அரை மணி முன்னரே அடுப்பை மூட்டினால் மாணவர் நின்றுகொண்டே விழுங்காமல் அமர்ந்து உண்ண முடியும்.